குடியும் வண்டிச் சாவியும்

இம்மாதம் இப்பகுதியில் நமது சங்கத்தின் இசைவிழாவைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தோம். ஆயினும், நெடுநாளாக நெஞ்சில் தைத்திருக்கும் முள் ஒன்றை எடுத்து நேயர்கள் முன் வைத்துவிடுவது நலம் என்று தோன்றியமையால் விழாச் செய்தி அடுத்த திங்களுக்குத் தள்ளிப் போயிற்று. பொறுத்தருள வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தலைநகரில் நம்மவர் இல்லத் திருமண வரவேற்பு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கீழே மண்டபத்தில் நாதசுரமும் பெண்டிரின் பேச்சும் சிறுவர் ஆட்டமும். மேலே மாடியில் ஆடவர் சிலருக்கென்று ஒரு ‘தனி ஏற்பாடு’. அங்கே என்ன நடக்கிறது என்பது எல்லோரும் அறிந்த இரகசியம். எல்லோரும் அறியாதவர்போல் இருந்தோம். நள்ளிரவு நெருங்குகையில் நண்பர் ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நடை சற்றே தள்ளாடிற்று. பேச்சில் வழக்கத்துக்கு மீறிய உற்சாகம். கார்ச் சாவியைக் காணவில்லை என்று தேடினார். நாமும் உடன் தேடினோம். நாற்காலி மெத்தையின் இடுக்கில் கிடந்த சாவியைக் கண்டெடுத்து அவர் கையில் கொடுத்தவர் வேறு யாருமல்லர், நாமே. “பார்த்துப் போங்கள்” என்று சொல்லி வாசல் வரை சென்று வழியும் அனுப்பி வைத்தோம்.

அரைமணிப் பொழுதுக்குள் அவ்வண்டி சைக்கிளில் வந்த ஒருவர் மீது மோதிற்று. அடிபட்டவர் ஒரு காவலாளி; பணி முடிந்து தம் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். பீகாரில் தர்பங்காப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி வந்தவர். நம்மைப்போலவே ஊரை விட்டு வந்தவர். உயிர் தப்பியது தெய்வச் செயல். ஆனால் தொடையெலும்பு முறிந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். ஊரிலிருந்த அவர் குடும்பத்துக்கு அந்த ஏழு மாதமும் பணவிடை செல்லவில்லை. நண்பர் இயல்பில் நல்லவர். வழக்கையும் மருத்துவச் செலவையும் ஏற்றுக்கொண்டார். அன்றோடு குடியையும் விட்டார். எனினும், “அவர் செய்த பிழை” என்று சொல்லி நாம் விலகி நிற்க முடியவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்த கை நம் கையன்றோ?

நிற்க. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது ஒரு தனிமனிதனின் ஒழுக்கக் கேடு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின் அந்நாளில் குடித்தவன் நடந்து வீடு திரும்பினான். மாட்டு வண்டியில் படுத்தானாயினும் மாடு வழியறிந்து கொண்டு சேர்த்தது. மோட்டாருக்கு வழி தெரியாது. அதுமட்டுமன்று, நம் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் சட்டம் வேறு, கடை இருக்கும் தொலைவு வேறு, இரவில் கிடைக்கும் வாகனம் வேறு, போலீஸாரின் கண்காணிப்பு வேறு. இவை யாவும் சேர்ந்தே ஒருவனைக் குடித்த நிலையில் வண்டிமேல் ஏற்றுகின்றன, அல்லது இறக்குகின்றன. ஆகவே பிழையை ஆராயும்போது மனிதனோடு இடத்தையும் ஆராய வேண்டும் என்பது நமது கருத்து.

முதலில் சட்டம் சொல்வதை அறிந்துகொள்வோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185ஆம் பிரிவு: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதாக மூச்சுப் பரிசோதனையில் தெரிந்தால் குற்றம். இங்கிலாந்தில் இவ்வளவு 80 மில்லிகிராம் என்பதை நோக்க, நம் சட்டம் மிகக் கடுமையானது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை அகப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையாயின் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

முப்பது மில்லிகிராம் என்பது எவ்வளவு? “ஒரு லார்ஜ்தானே, ஒன்றும் செய்யாது” என்போர் பலர். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி வகைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு ஆல்கஹால். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லிலிட்டர், உட்சென்றால் சுமார் 20 கிராம் ஆல்கஹால் உடலிற் சேர்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆடவர் வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் இரத்தத்தில் 50 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். ஒன்றே போதும், சட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்கு! ஒரு ‘குவார்ட்டர்’ குடித்தவருக்கு 150 வரை ஏறும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே அதைக் கழிக்கும். ஆக, இரவு பதினொரு மணிக்குக் குவார்ட்டரை முடித்துத் தூங்கி எழுந்து, காலை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தை அப்பொழுதும் சட்டத்தின் எல்லைக்கு மேலேயே இருக்கக்கூடும். காப்பியும், மோரும், தலையில் ஊற்றிய குளிர்ந்த நீரும் இக்கணக்கை மாற்றமாட்டா. அவை தூக்கத்தைக் கலைக்கும், இரத்தத்தைத் தூய்மையாக்கா.

இனி நாட்டைச் சுற்றிப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆடவரில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேர் மது அருந்துவோர். பெண்டிரில் ஒருவர் என்க. இது நாடு முழுமைக்கும் உள்ள சராசரி. பகுதி பகுதியாக நோக்கினால் வேற்றுமை வியப்பூட்டுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் ஆடவர் 53 பேர், பெண்டிர் 24 பேர். தெலுங்கானாவில் ஆடவர் 43 பேர், சிக்கிமில் 40, கோவாவில் 37. நம் தமிழ்நாட்டில் 25. இலட்சத்தீவிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நகரத்தாரே குடிப்பவர் என்று பலர் எண்ணுவர். கணக்கெடுப்போ கிராமத்து ஆடவரில் குடிப்போர் விகிதமே சற்று மிகுதி என்கிறது. அந்தக் கிராமத்தில்தான் இரவுப் பேருந்து இல்லை, தெருவிளக்கு இல்லை, அருகில் பெரிய மருத்துவமனையும் இல்லை.

இவ்வளவு பேர் குடிக்கும் நாட்டில் குடியால் நேரும் விபத்து எத்தனை என்று போலீஸ் ஏட்டைப் புரட்டினால் அங்கே ஒரு விந்தை காண்கிறோம். 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துக்கள்; மாண்டவர் 1,68,491 பேர். அவ்வாண்டு மிகுதியான விபத்துக்கள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. மிகுதியான மரணங்கள் உத்தரப் பிரதேசத்தில். இம்மரணங்களில் குடியால் நேர்ந்தவை என்று எழுதப்பட்டவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை ‘அதிவேகம்’ என்னும் தலைப்பின் கீழ் அடங்கிவிட்டன.

இதைக் கண்டு மனம் தேறுதல் தகாது. ஒரு விபத்துக்கு ஒரு காரணமே அட்டவணையில் ஏறுகிறது. குடித்ததனால் அச்சம் நீங்கி வேகமாய் ஓட்டியவன் ‘அதிவேக’க் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். அடிபட்டுக் கிடப்பவனுக்கு மூச்சுப் பரிசோதனை செய்வார் யார்? மருத்துவர் உயிரைக் காக்க முனைவாரா, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்ப முனைவாரா? குடித்து ஓட்டினான் என்று எழுதினால் இன்ஷூரன்ஸ் பணத்துக்குத் தடை வரும் என்பதால் உறவினரும் வாய் திறவார். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வுகள், அடிபட்டு வருவோரிடையே குடியின் பங்கு போலீஸ் ஏட்டிலுள்ளதைவிடப் பன்மடங்கு என்று காட்டியிருக்கின்றன. ஏடு சிறியது, நோய் பெரியது.

இது இவ்வாறிருக்க, இடத்தைப் பொறுத்த காரணங்கள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கடை எங்கே இருக்கிறது என்பது. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை இருந்தால் அங்கே வருவோர் வண்டியில்தான் வருவர், வண்டியில்தான் மீள்வர். இதை உணர்ந்தே உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு வழக்கில், 2016ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பதே அது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. பிறகு நடந்தது என்ன? 2017 மார்ச்சில், இருபதினாயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைந்தது. மாநிலங்கள் சில, ஊர்களின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைக்கு ‘நகரச் சாலை’ என்று பெயரை மாற்றிவிட்டன. அவ்வாண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற கடைகளுக்கு அவ்வாணை பொருந்தாது என்று நீதிமன்றமே தெளிவுபடுத்திற்று. மதுவின் வருவாயை நம்பியிருக்கும் அரசாங்கம் அதன் கடையைத் தூர வைக்க எளிதில் மனம் கொள்ளாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, எல்லை. குஜராத்தில் அம்மாநிலம் தோன்றிய 1960 முதல் மதுவிலக்கு. பீகாரில் 2016 ஏப்ரல் முதல். மதுவிலக்கால் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், குஜராத்தை ஒட்டிய டாமனில் மதுவுக்குத் தடையில்லை. நம் பக்கத்தில் கடலூர், விழுப்புரத்தாருக்குப் புதுச்சேரி நெடுங்காலமாக மலிவுச் சந்தை. இத்தலைநகரிலோ குடிக்கும் வயது வரம்பு 25 ஆக இருக்கையில், அண்டையிலுள்ள அரியானா 2021இல் சட்டந்திருத்தி அதை 21 ஆக்கிற்று. எல்லைக்கு அப்பால் குடிக்கச் செல்கிறவன் எல்லைக்கு இப்பால் உறங்க வரவேண்டும் அல்லவா? இடையிலுள்ள சாலையை அவன் எவ்வாறு கடப்பான்? பீகாரில் மதுவிலக்கு வந்து ஐந்தாண்டுக்குள் எடுத்த கணக்கெடுப்பில்கூட ஆடவர் நூற்றுக்குப் பதினைந்து பேர் குடிப்பதாகச் சொன்னார்கள்; தடையில்லாத மகாராஷ்டிரத்தில் அது பதினான்குக்கும் குறைவு. சட்டம் ஒன்றினால் மட்டும் வேலை முடிவதில்லை.

மூன்றாவது, வீடு திரும்ப வழி. மும்பையில் மின்சார இரயில் நள்ளிரவு கடந்தும் ஓடுகிறது. தில்லி மெட்ரோ சுமார் பதினொரு மணிக்கு அடங்கிவிடுகிறது. நம் விருந்துகளோ பதினொரு மணிக்குத்தான் சூடு பிடிக்கின்றன. சிற்றூர்களில் மாலை மங்கினாலே மோட்டார் சைக்கிளன்றி வேறு கதியில்லை. 2022இல் சாலையில் மாண்டவருள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர். 19 பேர் நடந்து சென்றவர். குடித்தவன் காரில் வந்தால் சாகிறவர் பெரும்பாலும் காருக்கு வெளியே இருப்பவரே. தர்பங்காக் காவலாளியின் சைக்கிளை நாம் இங்கே மறக்க முடியவில்லை.

நான்காவது, அகப்படுவோம் என்னும் அச்சம். தண்டனையின் அளவைவிட அது தப்பாது என்ற எண்ணமே மனிதனைத் திருத்துகிறது. இதை விளக்கும் ஓர் அரிய முயற்சி இராஜஸ்தானத்தில் 2010, 2011 ஆண்டுகளில் நடந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், அம்மாநிலப் போலீஸ் அதிகாரி நீனா சிங்கும் பிறரும் சேர்ந்து இதைச் செய்தனர். சில போலீஸ் நிலையங்களின் எல்லையில் ஒரே இடத்தில் சோதனைச் சாவடி அமைத்தனர்; வேறு சிலவற்றில் சாவடியை நாளொரு இடமாக மாற்றிக்கொண்டே இருந்தனர். நிலையான சாவடியால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. மாறிக்கொண்டேயிருந்த சாவடியாலோ இரவு விபத்து நூற்றுக்கு 17 பங்கும், இரவு மரணம் 25 பங்கும் குறைந்தன. காரணம் எளிது. சாவடி எங்கே என்று தெரிந்தால் குடித்தவன் சந்து வழியாகப் போய்விடுகிறான். தெரியாவிட்டால் சாவியை எடுக்கவே தயங்குகிறான். புதிய சட்டமோ பெருஞ்செலவோ இன்றிக் கிடைத்த பயன் இது. நாட்டின் எப்பகுதிக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.

ஐந்தாவது காரணத்தை எந்தக் கணக்கெடுப்பும் அளந்ததாக நாம் காணவில்லை. அது உடனிருப்பவரின் மௌனம். “பெரிய மனிதர், எப்படிச் சொல்வது?” “விருந்துக்கு வந்தவரை அவமதிக்கலாமா?” “பக்கத்துத் தெருதானே!” இம்மூன்று வாக்கியங்களும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்பவை. அன்றிரவு நம் மனத்தில் ஓடியவையும் இவையே. ஊரில் இருந்தால் ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ, “டேய், சாவியை இங்கே கொடு, திண்ணையில் படு” என்று அதட்டியிருப்பார். அதட்டியவர்மேல் யாரும் கோபம் கொள்ளார். ஊர்விட்டு வந்த நமக்கு இங்கே பெரியப்பாவும் இல்லை, தாய்மாமனும் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ‘சார்’. மரியாதைக்குக் குறைவில்லை, உரிமைதான் இல்லை. அந்த உரிமை இல்லாமையால் ஒருவன் கால் முறிந்தது.

அரசாங்கம் செய்ய வேண்டியவற்றை அரசாங்கத்துக்குச் சொல்வோம். நாம் செய்யக் கூடியவற்றை நாமே செய்வோம். சில யோசனைகளை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

விருந்தளிப்பவர் மது வழங்காதிருப்பது உத்தமம். வழங்குவதாயின், வருவோரின் வண்டிச் சாவிகளை முதலிலேயே வாங்கி ஓரிடத்தில் வைத்துவிடலாம். திரும்பும்போது நிதானமாய் இருப்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். முதலிலேயே வாங்குவது மரியாதை. கடைசியில் பிடுங்குவது சண்டை. வாடகைக் காருக்கும் ஓட்டுநருக்கும் ஆகும் செலவை விருந்துச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம். பத்தாயிரம் ரூபாய் அபராதத்துக்கு அது எவ்வளவோ மலிவு. இயலாதவருக்கு ஒரு பாயும் தலையணையும் போதும். நம் வீட்டுக் கூடம் அதற்குப் போதாதா?

சகோதரிகளுக்கு ஒரு சொல். குடித்தவர் ஓட்டும் வண்டியில் குழந்தைகளோடு ஏறுவதில்லை என்று நீங்கள் ஒருமுறை உறுதியாக நின்றுவிட்டால், நீதிமன்ற ஆணை செய்யாததை அது செய்யும். உங்கள் பேச்சுக்குக் கட்டுப்படாதவரை நம் சங்கத்தார் நால்வர் சேர்ந்து கட்டுப்படுத்துவோம். தயங்காமல் கூப்பிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நண்பன் குடித்திருக்கையில் அவன் பின்னால் உட்கார்ந்து செல்வது நட்பன்று. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு உடன் நடப்பதே நட்பு.

எல்லோருக்கும் ஒன்று. சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கக் கண்டால், வழக்கு வரும் என்று அஞ்சி விலக வேண்டா. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 134அ என்னும் பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. பெயரைச் சொல்லவோ சாட்சியாகவோ உங்களை வற்புறுத்த முடியாது. 112 என்ற எண்ணைச் சுழற்றுங்கள். வண்டி வரும் வரை அருகில் நில்லுங்கள். அன்றிரவு அக்காவலாளியைத் தூக்கி மருத்துவமனையில் சேர்த்தவர் வழியே சென்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர். அவர் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சங்கத்தின் செயற்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இனி நம் உறுப்பினர் இல்ல விழாக்களுக்குச் சங்கம் பாத்திரமும் ஜமக்காளமும் இரவல் கொடுப்பதுபோல, பூட்டுடன் கூடிய ஒரு சிறு மரப்பெட்டியும் கொடுக்க வேண்டும் என்பதே அது. பெட்டியின்மேல் ‘சாவிகள்’ என்று மட்டும் எழுதினாற் போதும். வேறு விளக்கம் வேண்டா. செயற்குழு ஏற்றால் முதற்பெட்டியின் செலவு நம்முடையது.

அந்தக் காவலாளி இப்பொழுது வேறொரு குடியிருப்பில் வாயிற்காவலராக இருக்கிறார். நடையில் சற்றே சாய்வு உண்டு. சென்ற மாதம் அவ்வழியே சென்றபோது எழுந்து நின்று நமக்கு வணக்கம் சொன்னார். நண்பருடன் மருத்துவமனைக்கு வந்தவர் என்றுதான் அவருக்கு நம்மைத் தெரியும். சாவியின் கதை அவருக்குத் தெரியாது. நேரில் சொல்ல வேண்டும் என்று பலமுறை எண்ணியும் நா எழவில்லை. நேயர்களிடம் சொல்லிவிட்டோம்; இனி அவரிடம் சொல்வது சற்று எளிதாயிருக்கும் என்று நம்புகிறோம்.

அடுத்த திங்கள் இசைவிழாச் செய்தியுடன் சந்திப்போம். வணக்கம்.